பசலையை விலைக்கு வாங்கலாமா?

திரைப்படம், அழகுப் பொருள், தொலைக்காட்சி ஆகிய மூன்றைப் பற்றியும் என் கருத்துகளை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். மூன்றும் வெவ்வேறு பொருள்களாயிற்றே, ஒரே கட்டுரையில் எவ்வாறு அடக்குவது என்று முதலில் மலைத்தேன். எண்ணிப் பார்த்தபோது, அவை மூன்றும் ஒரே கடையின் மூன்று வாயில்கள் என்பது புலனாயிற்று. திரைப்படம் ஒரு முகத்தைக் காட்டி, 'இதுவே அழகு' என்கிறது. அழகுப் பொருள், 'அம்முகத்தை நீயும் பெறலாம்' என்கிறது. தொலைக்காட்சி இவ்விரண்டையும் நம் வீட்டுக் கூடத்திற்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

பொழுதுபோக்கைப் பழிப்பது என் நோக்கமன்று. நாளெல்லாம் உழைத்தவன் மாலையில் சிறிது நேரம் சிரிக்கவும் அழவும் விரும்புவது இயற்கையே. ஆனால் எதையும் தரம் பார்த்து வாங்க வேண்டும் என்பது எங்கள் ஊர் எனக்குக் கற்பித்த பாடம். சேலத்திற்குத் தெற்கே, நாமக்கல் மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கும் ஆட்டையாம்பட்டியில் தறி நெய்வோரும் கைமுறுக்குச் சுற்றுவோரும் மிகுதி. முறுக்கை ஒடிக்கும் ஓசையைக் கேட்டே மாவின் பதத்தைச் சொல்லும் மூதாட்டியர் அங்கு உண்டு. துணியின் ஓரத்தை விரலால் தடவியே ஊடும் பாவும் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் முதியோரும் உண்டு. ஐந்து ரூபாய் முறுக்கிற்கும் அரைமுழத் துணிக்கும் இத்தனை ஆராய்ச்சி செய்யும் நாம், நம் பிள்ளைகளின் மனத்தில் சென்று பதியும் காட்சிகளை மட்டும் ஆராயாமல் வாங்கிக்கொள்கிறோம். இதுவே என் குறை.

நெசவாளர் குடும்பம் தந்த திரை

திரைப்படம் எங்கோ மும்பையிலும் சென்னையிலும் பிறந்து நம்மிடம் வந்த சரக்கு என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். சேலம் மாவட்டத்தாருக்கு அவ்வாறு எண்ண உரிமையில்லை. திருச்செங்கோட்டு நெசவாளர் மரபில் தோன்றி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று வந்த டி.ஆர். சுந்தரம், 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) சேலத்தில் உருவாயிற்று என்பதும், பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்ட 'உத்தம புத்திரன்' (1940) இங்கே எடுக்கப்பெற்றது என்பதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கவை.

தமிழ் மாணவர்க்கு இவற்றினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1950இல் வெளிவந்த 'மந்திரி குமாரி'யின் கதைக்கரு, ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதையைத் தழுவியது. தன்னை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல எண்ணிய கணவனைத் தன் அறிவால் வென்ற பெண்ணின் கதை அது. மு. கருணாநிதியின் உரையாடல் அக்கதையை ஊர்தோறும் கொண்டு சென்றது. நூல் கிடைக்காமல் அழிந்துபோன காப்பியம் ஒன்று, எழுத்தறியாதார் செவிக்கும் இவ்வாறு எட்டிற்று. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' அரபுக் கதைக் கருவூலத்திலிருந்து எடுத்த பொருளைக் கொண்டது. அதில் பி. பானுமதி ஏற்ற மார்ஜியானா ஓர் அடிமைப் பெண். தலைவனையும் அவன் இல்லத்தையும் காப்பது அவளுடைய கூர்த்த மதியே.

இப்படங்கள் குறையற்றவை என்று நான் வாதிடவில்லை. வாள்வீச்சும் நடனமும் வேண்டிய அளவுக்கு மேலேயே அவற்றில் உண்டு. ஆயினும் அவற்றைப் பார்த்து வெளியே வந்த பெண், 'அவளைப் போல் அறிவோடு இருக்க வேண்டும்' என்று நினைக்க இடமிருந்தது. சுந்தரம் 1963இல் மறைந்தார். படப்பிடிப்புத் தளங்கள் இருந்த நிலத்தில் இன்று குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஏற்காடு செல்லும் சாலையில் நிறுவனத்தின் பெயர் தாங்கிய வளைவு அதன் நினைவைச் சுமந்து நிற்கிறது.

கதை நம்முடையது, முகம் யாருடையது?

பின்னாளைய படங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கதை மதுரைப் பக்கத்துச் சிற்றூரில் நடக்கும். தலைவனின் தந்தை, தாய், நண்பன் அனைவரும் அவ்வூர் வெயிலில் காய்ந்தவர்களாகவே இருப்பர். தலைவி மட்டும் அவ்வெயில் ஒருநாளும் படாதவளாக வந்து நிற்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. பின்னணியில் வேறொருத்தி பேசுவாள். குரல் கொடுத்தவளின் முகத்தை நாம் காண்பதில்லை. தமிழ் பேசத் தெரிந்த ஆயிரம் பெண்கள் இருக்க, இவ்வாறு ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால், 'மக்கள் விரும்புகிறார்கள்' என்று விடை வரும். தலைவன் கறுத்திருக்கலாம், அவனை நாடு கொண்டாடும். தலைவி கறுத்திருக்கலாகாது. ஆணுக்கு ஒரு தராசும் பெண்ணுக்கு ஒரு தராசும் வைத்திருக்கும் வணிகரை எங்கள் ஊர்ச் சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

அதைவிட என்னை வருத்துவது நகைச்சுவைக் காட்சி. ஒருவன் நிறத்தைச் சொல்லி இகழ்ந்தால் அரங்கு முழுதும் சிரிக்கிறது. அச்சிரிப்பு மறுநாள் பள்ளிக்கூடத்து வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. அங்கே இகழப்படும் பிள்ளைக்குப் பின்னணி இசையும் இல்லை. அடுத்த காட்சியில் வெற்றியும் இல்லை.

மாமையும் பசலையும்

இந்த இடத்தில், தமிழ்த்துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், ஒரு செய்தியை மாணவர் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

சங்கப் பாடல்கள் தலைவியின் மேனி நிறத்தை 'மாமை' என்று போற்றுகின்றன. மாந்தளிரின் நிறம் என்று அதற்கு உரைகாரர் விளக்கம் தருவர். 'மா' என்னும் சொல்லுக்குக் கருமை என்னும் பொருளும் உண்டு. தலைவன் பிரிந்து செல்லும்போது அம்மாமை கெட்டு, மேனி வெளிறிப் போகிறது. அவ்வெளிறலுக்குப் பசலை என்று பெயர். பீர்க்கம்பூவின் நிறத்தோடு அதனைப் புலவர்கள் ஒப்பிடுவர். குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார், தலைவியின் மாமை அழகு அவளுக்கும் பயன்படாமல் அவள் தலைவனுக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாவதைப் பாடியுள்ளார். வள்ளுவப் பெருந்தகையோ அந்நோய்க்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். பருவரல் என்றால் துன்பம். மேனி வெளிறுவதைத் துன்பம் என்று பெயரிட்டுப் பத்துக் குறட்பாக்கள் எழுதிய மொழி நம்முடையது.

பொன்மேனியையும் நம் புலவர் பாடியிருக்கின்றனர்; மறுக்கவில்லை. வெண்மையைத் தமிழர் ஒருநாளும் விரும்பியதே இல்லை என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் மாந்தளிர் நிறத்தை அழகென்றும், அது வெளிறுவதை நோயென்றும் கண்ட ஒரு பெரும் மரபு நமக்கு இருந்தது. அம்மரபின் சொல் இன்றும் நம்மிடையே உயிரோடுதான் இருக்கிறது. எங்கே என்கிறீர்களா? திருமண விளம்பரங்களில். 'பெண் மாநிறம்' என்று எழுதுகிறார்களே, அதுதான். அன்று பெருமையாகச் சொல்லப்பட்ட சொல், இன்று குறையை மென்மையாக ஒப்புக்கொள்ளும் சொல்லாகிவிட்டது.

என் கையால் எழுதிய பொய்

பிறரைக் குறைகூறும் முன் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு வரன் தேடிய காலம். பெண்ணின் விவரங்களை அழகாக எழுதித் தரும் பொறுப்பு, வீட்டில் தமிழ் படித்தவன் என்பதால் என்னிடம் வந்தது. ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டு, 'நெறம் கொஞ்சம் கம்மி' என்று சொல்லிச் சென்றிருந்தனர். நான் தாளை எடுத்தேன். படிப்பு, உயரம், வயது எல்லாம் உண்மையாக எழுதினேன். நிறம் என்ற இடத்தில் 'நல்ல சிவப்பு' என்று எழுதினேன். அவ்வாரந்தான் வகுப்பில் மாமையைப் பற்றிப் பாடம் கேட்டிருந்தேன்.

தங்கை அப்போது அம்மாவோடு அமர்ந்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை கழுவி வந்து தாளை வாங்கிப் படித்தாள். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஏண்ணா, இதுல எழுதியிருக்கறது யாரு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

அவள் திருமணமாகிச் சென்ற பின்னர், பரணில் இருந்த அவளுடைய பழைய தகரப் பெட்டியை அம்மா ஒழித்தபோது, அடியில் பிதுக்கித் தீர்ந்துபோன வெண்மைப் பூச்சுக் குழல்கள் ஐந்தாறு இருந்தன. முறுக்குச் சுற்றிய கூலியில் வாங்கியவை. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மறைத்து வைக்க வேண்டிய பொருளாக அவளுக்கு அது தோன்றியிருக்கிறது. அவ்வாறு தோன்றச் செய்தவர்களுள் நானும் ஒருவன். திரைப்படத்தையும் விளம்பரத்தையும் பற்றி இன்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். எங்கள் வீட்டில் அப்பொய்யை எழுதியது என் பேனா.

குழலும் பொட்டலமும்

அழகுப் பொருள்கள் அனைத்தும் தீயவை என்பது என் கருத்தன்று. பயத்தம் மாவும் சீயக்காயும் நம் பாட்டிமாரின் அழகுப் பொருள்கள் அல்லவா? கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த சிறு பொட்டல முறையால், பெரிய குப்பியை வாங்க வசதியற்ற கூலிப் பெண்ணும் தன் தலைமுடிக்கு ஷாம்பு வாங்க முடிந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கிய தொழில் பெரிய நிறுவனமாக வளர்ந்ததும் அப்பொட்டலத்தால்தான். தூய்மையை ஏழைக்கும் எட்டச் செய்தது நல்ல வணிகமே. தெருவெங்கும் சிதறிக் கிடக்கும் வெற்றுப் பொட்டலங்கள் அதன் மறுபக்கம்.

தூய்மையை விற்பது வேறு. தாழ்வு மனப்பான்மையை உண்டாக்கி அதற்கு மருந்து விற்பது வேறு. திரையும் பூச்சும் கைகோத்த வரலாறு நெடியது. 1941இலேயே நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் தோன்றினார். இந்திய நடிகையருள் அவ்விளம்பரத்தில் தோன்றிய முதல்வர் அவரே. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. வேலை கிடைக்காத பெண் பூசிக்கொண்டதும் வேலை பெறுவாள், மணமாகாதவள் மணமகனைப் பெறுவாள் என்பதே அவ்வகை விளம்பரங்களின் கதை. மாதர் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. 2005இல் ஆண்களுக்கென்றும் தனிப் பூச்சு வந்தது. நிறத்தால் ஒருவரைத் தாழ்ந்தவராகக் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014இல் நெறிமுறை வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது நன்றே. வாங்குவோர் மனம் மாறிற்றா என்பதுதான் கேள்வி.

உடல்நலம் பற்றிய எச்சரிக்கையும் இங்கு வேண்டும். புதுதில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாதரசம் உண்டா என்று சோதித்த 32 வெண்மைப் பூச்சுகளுள் 14இல் பாதரசம் இருந்தது. பாதரசம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் தோல் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை பெற்ற 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு ஒரு தனிவகைக் கோளாறு இருந்தது. அப்பதினைவருள் 13 பேர் வெண்மைப் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள். பசலையை நோய் என்று நம் முன்னோர் சொன்னது உவமையளவில் நின்றுவிடவில்லை. அதை விலை கொடுத்து வாங்கினால் உடல் நோயும் உடன் வருகிறது.

இருட்டில் விளக்கேற்றுவோரும் இருக்கின்றனர். சென்னையிலிருந்து 2009இல் 'கருமையும் அழகே' என்னும் கருத்தை முன்வைத்து ஓர் இயக்கம் எழுந்தது. கோத்தகிரியில் பிறந்த நடிகை சாய் பல்லவி, வெண்மைப் பூச்சு விளம்பரம் ஒன்றில் நடிக்க மறுத்ததை 2019இல் வெளிப்படையாக உறுதி செய்தார். வரும் பொருளை வேண்டாம் என்று சொல்வது எளிதன்று.

கூடத்திற்கு வந்த விருந்தாளி

1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 'வயலும் வாழ்வும்' உழவர்க்குப் பயன் தந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி வந்தது. 2006 முதல் அரசே இலவச வண்ணப் பெட்டிகளை வழங்கிற்று. தெருவுக்கு ஒன்றாக இருந்த பெட்டி வீட்டுக்கு ஒன்றானது. கூடிப் பார்த்தவர்கள் தனித்தனியே பார்க்கலாயினர்.

தொடர்களைப் பார்க்கும் பெண்களை ஏளனம் செய்வது கற்றோர் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் ஊரில் முறுக்குச் சுற்றும் பெண்கள் கண்ணைத் திரையிலும் கையை மாவிலும் வைத்து வேலை செய்கின்றனர். 1999இல் 'சித்தி' தொடங்கிய நாள்முதல் அவர்களுடைய மாலைப்பொழுதுக்கு அதுவே துணை. என் குறை பார்ப்பவர்மீதன்று, காட்டப்படுவதன்மீது. சமையலறையிலும் பட்டுப்புடவை, உறக்கத்திலும் உதட்டுச் சாயம், ஒரு பெண்ணைக் கெடுக்க மற்றொரு பெண் செய்யும் சூழ்ச்சி ஆண்டுக்கணக்கில்! உழைத்து வாழும் பெண்ணின் ஒரு நாள் அவற்றில் எங்கே இருக்கிறது?

2019இல் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா' கறுத்த நிறத்தாள் ஒருத்தியைத் தலைவியாக்கியது. மகிழ்ந்தேன். ஆனால் அங்கும் அவள் நிறமே கதையின் சிக்கலாயிற்று. கறுத்த பெண் ஒருத்தி, தன் நிறத்தைப் பற்றி யாரும் பேசாமல், வேறு காரணத்துக்காகச் சிரித்து வேறு காரணத்துக்காக அழும் கதையை நம் திரைகள் தாராளமாகத் தரும் நாள் என்று வரும்?

இப்போது பெட்டியும் பழையதாகிவிட்டது, கைப்பேசி வந்துவிட்டது. அண்மையில் என் தங்கையின் மகள், கல்லூரியில் பயில்பவள், குடும்பத்தார் அனைவரையும் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். எல்லாரும் வெளுத்திருந்தோம். ஆட்டையாம்பட்டி வெயிலில் அறுபது ஆண்டு தறி ஓட்டிய என் தந்தைகூட வெளுத்திருந்தார். "கேமராவே அப்படிப் பண்ணிடும் மாமா" என்றாள் அவள். பூச்சுக்குக் கொடுத்த காசும் இப்போது மிச்சம். தங்கை அப்படத்தைப் பார்த்துவிட்டு மகளிடம், "அழிச்சிட்டு, சும்மா ஒண்ணு எடு" என்றாள். மகள் மீண்டும் எடுத்தாள். அப்படம் இன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

அரசு சட்டம் இயற்றட்டும். தயாரிப்பாளர் திருந்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம்மால் இயன்றவை சில உண்டு.

மாணவச் செல்வங்களே! நும் கல்லூரி விழா நாடகத்தில் தலைவன், தலைவி வேடங்களைக் குரலும் நடிப்பும் கண்டு வழங்குங்கள். நிறம் கண்டு வழங்காதீர்கள். வகுப்பில் நிறம் பற்றிய நகைச்சுவை எழுந்தால் சிரிக்காதிருங்கள். சிரிப்பவர் இல்லாத நகைச்சுவை இரண்டாம் நாள் எழாது. பூச்சு வாங்குவோர் உறையைத் திருப்பி, செய்தவர் பெயரும் சேர்மானங்களும் அச்சிட்டிருக்கின்றனவா என்று படியுங்கள். பெயரில்லாத பொருளை முகத்தில் பூசாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்கள் மாமையையும் பசலையையும் தேர்வுக்குரிய சொற்பொருளாக மட்டும் நடத்தாமல், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து நடத்த வேண்டுகிறேன். நான் கேட்ட பாடம் என் வீட்டு வாசல்வரைகூட வரவில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரன் பார்க்கும் தாள்களில் 'நிறம்' என்னும் வரியை நீக்கிவிடுங்கள். பெண் வீட்டார் எழுதவும் வேண்டாம்; பிள்ளை வீட்டார் கேட்கவும் வேண்டாம். பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திருமணத்தில் இதைச் செய்தால், அவ்வூரில் பத்து வீடுகள் அவரைப் பின்பற்றும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

முறுக்கையும் துணியையும் தரம் பார்த்து வாங்கும் மக்கள் நாம். திரையில் வருவதையும் குழலில் வருவதையும் அவ்வாறே பார்த்து வாங்குவோம். வேண்டாதவற்றைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வருவோம்.